வதனியின் பொத்தான்கள்

தம்பி,

உன்னுடைய கலியாணத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் உனக்குப் பொறுமையைப் பற்றித்தான் புத்தி சொல்லப் போகிறார்கள். பெரியம்மா ஏற்கனவே தொடங்கிவிட்டார். நான் பொறாமையைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுமையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. மற்றதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே நல்ல பழக்கம். நீ முற்றத்தில் பந்தல் போடுகிறவர்களோடு கதைத்துக்கொண்டு நிற்பது இங்கே கேட்கிறது. யன்னலால் கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனால் வாயால் சொன்னால் பாதியில் சிரித்து, "விடுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாய். எழுத்தில் இருந்தால் நீ எழுந்து போனாலும் அது இருந்த இடத்தில் இருக்கும். அதனால்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

நீ சின்னவனாக இருந்தபோது ஒரு தடவை உனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாய். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தது நான்தான். காய்ச்சல் விட்டதும் கண்ணைத் திறந்து நீ கேட்டது என்ன தெரியுமா? பெரியம்மா வைக்கிற சொதி. அப்பா சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஒரு தூக்குச்சட்டியில் சொதி வாங்கி வந்தார். நீ அதில் இடியப்பத்தைக் குழைத்துச் சட்டியை வழித்துச் சாப்பிட்டாய். உன் உடம்பு தேறுகிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷமும் இருந்ததுதான். ஆனால் அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் காலையும் மாலையும் சொதிதான் நடந்தது. அக்காவுடையதை விட நல்லதாக வரும்வரைக்கும் விடுவதில்லை என்று நின்றேன். கடைசியில் உன் அப்பாதான், இனிச் சொதி என்றால் தோட்டத்திலேயே படுத்துக்கொள்வேன் என்று சொல்லி அதை நிறுத்தினார். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமை வந்தால் நான் அழுகிறவளும் இல்லை, சண்டை பிடிக்கிறவளும் இல்லை. வேலை செய்யத் தொடங்கிவிடுவேன்.

நான் கட்டடப் படம் கீறுகிற நிவாரணக் கந்தோரில் அந்தக் கொம்பியூட்டர் வந்து இறங்கிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மழைக்குப் போடுகிற படங்கு சுற்றி, வைக்கோலுக்குள் புதைத்து, ஏதோ கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல லொறியில் கொண்டுவந்தார்கள். சண்டையால் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாத காலத்தில் இதை வைத்து என்ன செய்வது என்று எல்லோரும் கேட்டார்கள். நிவாரண வேலைக்காரர்களுக்கென்று கிடைக்கிற மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரைக் காலையில் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். அது ஓடுகிற நேரம் மட்டும் அந்தத் திரைக்கு உயிர் வரும். என்னோடு படம் கீறிய மற்றவர்கள், கையால் கீறினால் வெயில் வெளிச்சம் போதுமே என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நான் முதல் நாளே அந்தக் கதிரையில் போய் இருந்துவிட்டேன். முன்பு அரசாங்கக் கந்தோரில் வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து மை ஊற்றிக் கீறிய எனக்கு, ஒரு கோட்டை அழித்தால் தாளில் வடு இல்லாமல் போகிறது என்பதே பெரிய சந்தோஷம். கொழும்பிலிருந்து வந்தவர் சொல்லித்தந்துவிட்டுப் போன பிறகு, அந்த மெஷின் என்னுடைய மெஷின். அதற்குப் போட்டிருந்த துணிக்கு விளிம்பு தைத்ததுகூட நான்தான்.

அந்த மெஷினில் கீறுகிற படத்தில் லேயர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காணியைக் கண்ணாடித் தாள்களில் பிரித்துக் கீறி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்ததுபோல என்று நினைத்துக்கொள். ஒரு தாளில் வேலி, ஒன்றில் கிணறு, ஒன்றில் மரம், ஒன்றில் புதிதாகக் கட்டப் போகிற கட்டடம். வேண்டியதை மட்டும் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். நீ வேலி கீறிக்கொண்டிருந்துவிட்டுக் கிணறு கீற வேண்டுமென்றால், லேயரை மாற்ற வேண்டும், நிறத்தை மாற்ற வேண்டும், கோடு முழுக்கோடா விட்டுவிட்டுப் போகிற கோடா என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கட்டளை கட்டளையாகத் தட்டச்சில் அடிப்பேன். நான் வேகமாக அடிக்கிறவள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எஞ்சினியர் பின்னால் வந்து நின்று பார்த்தால் இன்னும் வேகமாக அடிப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் வதனி வந்தாள். வல்வெட்டித்துறைப் பெட்டை, கொழும்பில் ஒரு கட்டடக் கொம்பனியில் படம் கீறியவள், தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பி வந்தவள் என்று எஞ்சினியர் அறிமுகப்படுத்தினார். கொக்குவிலில் ஒரு மாமி வீட்டில் தங்கி வேலைக்கு வருவாள், கிழமைக்கொரு தடவை தாயைப் பார்க்கச் சைக்கிளில் வல்வெட்டித்துறைக்குப் போவாள். மெல்லிய பிள்ளை, அதிகம் கதைக்க மாட்டாள், என்னை முதல் நாளே "அன்ரி" என்றாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அந்தப் பிடிப்பு, அவள் கதிரையில் இருக்கும் வரைக்கும்தான்.

இருந்தவள் தட்டச்சைத் தொடவில்லை. திரையின் மேல்விளிம்பில் சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அவற்றை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டிருந்தேன். அவள் மவுஸின் வலது பக்கத்தால் ஒரு பொத்தானை அமத்தினாள். ஒரு பெட்டி திறந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அடிக்கிற கட்டளைகள் அத்தனையையும் ஒரே வரியில் அந்தப் பெட்டிக்குள் எழுதி மூடினாள். பிறகு அந்தப் பொத்தானை ஒரு தரம் தட்டினாள். லேயர் மாறியது, நிறம் மாறியது, கோடு மாறியது. வேலிக்கு ஒரு பொத்தான், கிணற்றுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று ஜெனரேற்றர் நிற்பதற்குள் ஒரு வரிசையே செய்து முடித்தாள். கடைசியில் இன்னொன்றும் செய்தாள். அதைத் தட்டினால் கட்டுகிற மேசனுக்கு வேண்டிய லேயர்கள் மட்டும் திரையில் நிற்கும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிடலாம். பின்னால் நின்ற எஞ்சினியர், அரை நாள் வேலையை இந்தப் பிள்ளை ஒரு தட்டில் முடித்துவிட்டதே என்றார். மண்ணெண்ணெய் ஒரு போத்தலுக்கு அலைகிற காலத்தில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் கதைக்கவில்லை என்று நீ கவனித்தாயோ தெரியவில்லை. உன் அப்பா கவனித்தார். வெங்காயத்துக்கு இறைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு நின்றவர், என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். பொத்தான் என்றால் சோம்பேறிகளுக்கு, நாளைக்கு அந்த மெஷின் இல்லாவிட்டால் அவளுக்குக் கட்டளை ஒன்றும் ஞாபகம் இருக்காது, இப்படியெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "உமக்கு அந்தப் பெட்டையைப் பிடிச்சுப்போச்சு. அதுதான் உமக்கு உவ்வளவு கோவம்" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

சொதிக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன். அவள் வருவதற்கு முன் கந்தோருக்குப் போய், அந்தப் பெட்டியைத் திறந்து நானும் எழுதப் பழகினேன். அவளுடைய வரிசைக்குக் கீழே எனக்கென்று ஒரு வரிசை செய்தேன். அவள் லேயர்களுக்கு ஆங்கிலச் சொற்களைப் பெயராக வைத்திருந்தாள். நான் கிணறு, வேலி, பனை என்று எங்கள் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயராக வைத்தேன். அவளுடைய கிணறு நீலம். என்னுடையதும் நீலம்தான், ஆனால் இன்னும் கொஞ்சம் கடும் நீலம். அவளுடைய பொத்தான் ஒன்றில் ஒரு குறையையும் கண்டுபிடித்தேன். ஒரு கோடு கீறிக்கொண்டிருக்கும்போது அதைத் தட்டினால் அந்தக் கட்டளை குழம்பிவிடும், லேயர் மாறாது. நடந்துகொண்டிருக்கிற வேலையை முதலில் நிறுத்து என்று ஒவ்வொரு பொத்தானின் தொடக்கத்திலும் எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. என்னுடைய வரிசையில் எழுதினேன். அவளுக்குச் சொல்லவில்லை. அவள் தடுமாறுகிற நேரம் பார்த்து என்னுடைய பொத்தானைத் தட்டிக் காட்டலாம் என்று காத்திருந்தேன். அவளும் நானும் மாறி மாறி ஒரே கதிரையில் இருந்தோம், ஒரே தேத்தண்ணிக் கேத்திலில் ஊற்றிக் குடித்தோம். ஆனால் அவள் என் வரிசையைத் தட்டியதில்லை, நான் அவள் வரிசையைத் தட்டியதில்லை. அவள் சின்னவள், பெரியவளின் பொருளைத் தொடக்கூடாது என்று மரியாதையாக விட்டிருந்தாள். என்னுடையது மரியாதை இல்லை.

அப்போது கைதடிப் பக்கம் ஒரு பனங்காணியில், தீவுப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு மலசலகூடங்கள் கட்ட வேண்டும். காணிக்குப் போய் அளந்து, இருக்கிற வேலி, மரம், கிணறு எல்லாவற்றையும் கீறியது நான். அதன்மேல் மலசலகூட வரிசையையும் குழிகளையும் கீறியது வதனி. படத்தை அவள்தான் அச்சடித்தாள், வேலையைப் பார்க்கிற ஓவசியர் வந்து ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்தநாள் காலை, கந்தோரில் இருந்த மற்றப் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன். அது என் வேலை இல்லை. அவள் கீறிய ஒவ்வொரு தாளையும் அப்படித்தான் எடுத்துப் பார்ப்பேன். பிழை இருக்குமா என்று பார்ப்பேன் என்று சொல்வது அரைவாசி உண்மை. பிழை இருக்க வேண்டும் என்று பார்ப்பேன்.

அன்றைக்குப் பிழை இருந்தது. காணி எல்லைக்கோடும் அவளுடைய குழிகளும் மட்டும்தான் தாளில் நின்றன. மேற்கு வேலியோடு இருக்கிற கிணறு தாளில் இல்லை. அந்தச் சனம் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் அள்ளுகிற கிணறு அது. நான் அளக்கப் போனபோது எனக்கும் அதிலேதான் அள்ளித் தந்தார்கள். கிணறு இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழிகள் வரிசையாகக் கீறிக் கிடந்தன. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். குழிக்குள் விட்டது கிணற்றுக்குள் வந்துதான் நிற்கும். எனக்குப் பதறியிருக்க வேண்டும். பதறியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம், ஒரு பெரிய சந்தோஷம் வந்தது தம்பி. அதை உனக்கு மறைக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே எஞ்சினியரின் மேசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற குரலில், பொத்தான் ஒரு கிணற்றையே தின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்றேன்.

வதனி எழுந்து வந்து பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. கதிரையில் போய் இருந்து அந்தப் படத்தைத் திறந்தாள். எஞ்சினியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். திரையில் கிணறு இருந்தது, கடும் நீலமாக. அவள் தன்னுடைய அச்சடிக்கிற பொத்தானைத் தட்டினாள். நான் கீறிய வேலி, பனையோடு கிணறும் மறைந்தது. அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டுத்தான் அவள் குழிகளைக் கீறியிருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்ரி, கிணறு அழியேல்லை. அது உங்கடை லேயரிலை கிடக்கு. என்ரை பொத்தானுக்கு உங்கடை பேர் தெரியாது."

அவள் குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எஞ்சினியர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒரே கிணற்றுக்கு ஏன் இரண்டு லேயர் என்று அவர் கேட்டார். ஜெனரேற்றர் நிற்க இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. "உங்கடை கிணத்தை என்ரை லேயருக்கு மாத்தட்டோ, என்ரையை உங்கடைக்கு மாத்தட்டோ?" என்று வதனி என்னிடம் கேட்டாள். "எது கெதியா முடியுமோ அதைச் செய் பிள்ளை" என்றேன். அவள் குழி வரிசையை எதிர்ப்பக்க வேலியோடு தள்ளி வைத்தாள். என்னுடைய கிணறும் வேலியும் பனையும் அவளுடைய லேயர்களுக்குப் போயின. அச்சு ஓடி முடிந்த கையோடு ஜெனரேற்றர் நின்றது.

கந்தோர் வாகனம் பருத்தித்துறைப் பக்கம் போயிருந்தது. எஞ்சினியருக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிற நாள். நான் சைக்கிளை எடுத்தேன். நீங்கள் இருங்கோ, நான் போகிறேன் என்றாள் வதனி. கிணற்றை அளந்தவள் நான், நான்தான் போவேன் என்றேன். கடைசியில் இரண்டு பேரும் போனோம். எதிர்க்காற்று. அவள் என்னை முந்தவில்லை. எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் மெதுவாக்கினாள், நான் அதைக் கவனித்து வேண்டுமென்றே வேகமாக மிதித்தேன். நாவற்குழி தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாவது குழி இடுப்பளவுக்குப் போய்விட்டது. கிணற்றடியில் ஒரு பெண் கைக்குழந்தைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். குழியும் கிணறும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஓவசியரிடம், கண்ணுக்கு முன்னால் கிணறு நிற்கிறதே, கேட்டிருக்கக் கூடாதோ என்று கேட்டேன். அவர் தாளை மடித்தபடி சொன்னார்.

"தாளிலை இல்லை அக்கா. மூடப்போறியளாக்கும் எண்டு நினைச்சன்."

அந்த மனிதரிலும் பிழையில்லை. நாங்கள் கீறிக் கொடுத்ததை அவர் தன் கண்ணைவிட அதிகமாக நம்பியிருந்தார். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு மேலே ஏறி நின்றார்கள். அவ்வளவு கல்லை உடைத்த பிறகு நிறுத்தச் சொல்கிறார்களே என்ற எரிச்சல் அவர்கள் முகத்தில் இருந்தது. யாருடைய பிழை என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வதனி, "பிழை என்ரை அண்ணை. நான்தான் சரி பாக்காமல் அடிச்சுத் தந்தனான்" என்றாள். எனக்கு அந்த இடத்தில் வந்ததும் பொறாமைதான். அந்தச் சொல்லில் பாதி என்னுடையது. அதையும் அவள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள். "இரண்டு பேரின்ரையும்" என்று நான் சொன்னது, அவர்கள் குழிக்குள் மண்ணைத் தள்ளுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. வதனிக்குக் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் அவளுடைய சைக்கிள் காற்றுப் போய்விட்டது. உருட்டிக்கொண்டு நடந்தோம். மதியம் என்னைக் கூட்டிக்கொண்டு போக ரியூசன் படிப்பித்து முடித்து வந்த நீ, கந்தோரில் கேட்டுவிட்டு எங்களைத் தேடிக்கொண்டு வந்தாய். மிச்சம் உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வெயிலில் அவ்வளவு தூரம் மிதித்து, முகம் கறுத்து, ஐம்பது வயதுத் தாய் ஒருத்தி உனக்கு முன்னால் நின்றாள். நீ சைக்கிளை விட்டிறங்கி, வதனியைப் பார்த்து, "தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டாய். என்னிடம் அதற்குப் பிறகுதான் கேட்டாய். அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உனக்கு விளங்க இன்னும் எத்தனையோ மாதம் எடுத்தது. நீ அவளுடைய சைக்கிளையும் உன்னுடையதையும் இரண்டு கையால் உருட்டிக்கொண்டு அவளோடு கதைத்துக்கொண்டு வந்தாய். நான் முன்னால் மிதித்துக்கொண்டு போனேன். முதலில் மெஷின், பிறகு எஞ்சினியர், பிறகு அந்தக் குழியடி, இப்போது என் மகன், இன்னும் என்னதான் மிச்சம் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அடுத்த கிழமை அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டு வரிசையையும் கலைத்து ஒரே வரிசையாக்கினோம். பெயர்களுக்குச் சண்டை பிடித்தோம். கிணறு, வேலி, பனை என்னுடைய பெயரிலே நின்றன, மற்றவை அவளுடையதில். என்னுடைய பொத்தான்களைத் திறந்து பார்த்தவள், தொடக்கத்தில் நான் எழுதியிருந்த நிறுத்தல் கட்டளையைக் கண்டதும் அப்படியே இருந்துவிட்டாள். ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. எழுந்துபோய் எஞ்சினியரைக் கூட்டிவந்து, அன்ரி கண்டுபிடித்தது, கொழும்பில்கூட எங்களுக்கு இது தெரியாமல் குழம்பிக்கொண்டிருந்தோம் என்று சொன்னாள். நான் அவளுடைய பிழையைக் காட்ட எழுப்பிய அதே குரலில், அவள் என்னுடைய கெட்டித்தனத்தைச் சொன்னாள். அப்படி ஒரு மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நீ வந்து வதனியைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளில் நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். நீ அதை வேறு விதமாக எடுத்திருப்பாய். உறவு முழுக்க வேறு விதமாகத்தான் எடுத்தது. பெரியம்மா இணுவிலில் இருக்கிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர்கள் கடல் பக்கத்து ஆட்கள், நாங்கள் தோட்டக்காரர், எங்களுக்கு எப்படிச் சரிவரும் என்று தொடங்கினார். நான் பக்கத்துணையாக நிற்பேன் என்று நினைத்துத்தான் என் வீட்டுக்கு வந்தார். நான் சொன்னது அப்பாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். "அக்கா, அவளிலை எனக்கு மனக்குறை இருக்கு. அது என்ரை சொந்தக் குறை. உங்கடை குறையை அதோடை சேர்க்காதேங்கோ" என்றேன். பெரியம்மா அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. இந்த ஊரில் ஒருவரை வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ சாட்டு இருக்கிறது. உள்ளுக்குள் பொறாமையை வைத்துக்கொண்டு வெளியில் சாதியைச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பொறாமையை நான் அவ்வளவு கேவலப்படுத்த மாட்டேன்.

உனக்குச் சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. வதனி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் ஜெனரேற்றர் நின்று திரை இருண்டதும், நான் துணியை எடுத்து மெஷினை மூடும்போது, மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்ரி, உங்களுக்கு விருப்பமில்லாட்டி நான் இந்தக் கந்தோரை விட்டுட்டுப் போறன். மெஷின் உங்களுக்கு. அவரை விடமாட்டன்."

துணியின் முனையை விடாமல் நின்றாள். உன் அப்பாவைக் கட்டும்போது நான் யாருக்கு முன்னாலும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடம் வந்தும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தவள் நான். உன் அப்பாவே முன்வந்து பேசி முடித்ததால் தப்பினோம். அந்த நிமிஷம் எனக்கு அவளிடம் இருந்த பொறாமைக்கு அளவேயில்லை. "கந்தோரை விட்டுப் போகாதை. நீ போனால் இவ்வளவு பொத்தானையும் ஆர் பாக்கிறது?" என்றேன். அவள் முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு விளங்கியது. துணியின் முனையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா சம்மதித்த கதை என்று நீ சொல்லித் திரிகிறாயே, அது இவ்வளவுதான்.

இப்போது அவளுக்குக் கொழும்பில் பழைய கொம்பனியிலேயே வேலை காத்திருக்கிறது. பாதை மூடிக் கிடப்பதால் நீங்கள் இரண்டு பேரும் கிளாலிக் கடலால் படகில் போகப் போகிறீர்கள். உனக்கு அங்கே வேலை இன்னும் இல்லை. கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும் என்று அப்பா சொல்கிறார். கிடைக்கும், ஆனால் சுணங்கும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சக் காலம் அவள் காலையில் சேலை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவாள், நீ அறையில் இருப்பாய். அவளுடைய கந்தோர் ஆட்கள் உன்னை வதனியின் புருஷன் என்று அறிமுகப்படுத்துவார்கள். அவள் பின்னேரம் வந்து, இன்றைக்கு இப்படி ஒன்று செய்தேன் என்று சொல்லும்போது உன் நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று தைக்கும். நீ என் பிள்ளை, உனக்கு அது கட்டாயம் வரும். வந்ததும் அது வேறு பெயரில் வரும். சோற்றில் உப்பில்லை என்று வரும், ஏன் பிந்தி வந்தாய் என்று வரும், உன்னுடைய ஆட்கள் என்னை மதிக்கவில்லை என்று வரும். அந்தப் பெயர்களை நம்பாதே. அது எது என்று தெரிந்ததும் அவளிடமே சொல்லிவிடு. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொல்வதற்கு நாக்குக் கூசும். நான் அதை ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை, இந்தக் கடிதத்தில்தான் சொல்கிறேன். சொல்லாமல் தனியாக ஒரு வரிசை செய்யப் போய் என்ன நடந்தது என்று இப்போது உனக்குத் தெரியும். அந்தச் சனம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கும்.

அவள் என்னை விடக் கெட்டிக்காரி. உன்னையும் விடத்தான். அதை நீ அறிந்துதான் கட்டுகிறாய் என்பதில் எனக்கு உன்மேல் ஒரு மரியாதை இருக்கிறது. என்னுடைய சமையலோடு அவளுடையதை ஒப்பிடாதே, அது அவளுக்காக இல்லை, எனக்காகச் சொல்கிறேன். அவளுடையது நல்லதாக இருந்தாலும் எனக்கு எழுதாதே.

நேற்றுக் கந்தோரில் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். போகும்போது, இனி மெஷின் உங்களுக்கே அன்ரி என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மாமி என்றாள். அவள் போன பிறகு கதிரையில் இருந்து பார்த்தேன். எழுந்திரு என்று சொல்ல யாரும் இல்லாத கதிரையில் எவ்வளவு நேரந்தான் இருப்பது? எஞ்சினியர் வந்து பின்னால் நின்றார். நான் வேகமாக அடிக்கவில்லை. கொழும்பில் நாள் முழுக்கக் கரண்ட் இருக்குமாம், எந்த நேரமும் திரை ஒளிர்ந்துகொண்டிருக்குமாம். அங்கே அந்த மெஷினில் ஒவ்வொரு வருடமும் புதிது புதிதாக ஏதோ வருமாம். அவள் அதையெல்லாம் தட்டிப் பார்ப்பாள். நான் இங்கே காலையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் குழாயும் குழியும் கீறிக்கொண்டிருப்பேன்.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். நீ அப்பாவுக்கு எழுது. உன் சுகம், வேலை, வீட்டு வாடகை, சாமான் விலை எல்லாம் அவருக்கு எழுது, அவர் எனக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு வதனியை எழுதச் சொல்லு. அவள் அந்த மெஷினில் புதிதாக எதைக் கண்டாலும், எந்தப் பெட்டிக்குள் எதை எழுதினாள், எதைத் தட்டினால் எது நடந்தது என்று ஒன்றும் விடாமல் எழுத வேண்டும். உன்னைப் பற்றி ஒரு வரி போதும். அவளுடைய கடிதங்களை நான் கந்தோரில் வைத்துத்தான் பிரிப்பேன், உன் அப்பாவுக்குக்கூடக் காட்ட மாட்டேன். ஒருநாள் நீ வேலை தேடிக் களைத்து வந்து பார்க்கும்போது, அவள் விளக்குக்குக் கீழே தலை நிமிராமல் பக்கம் பக்கமாக எனக்கு எழுதிக்கொண்டிருப்பாள். நீ வந்ததைக்கூடக் கவனிக்க மாட்டாள். உன் அம்மாவுக்கும் உன் மனைவிக்கும் இடையில் உனக்கு ஒன்றும் விளங்காத ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போது உனக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது தம்பி. அந்த ஒரு கடிதத்தை மட்டும் நேரே எனக்கு எழுது.

அம்மா